சாங்ரோ ஆற்றங்கரைப் பெரியவருக்கும் மற்றவர்களுக்கும்

அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டாள். ரசஞ்சோறு இரண்டு கவளம் உள்ளே போனது. இத்தாலியில் அவளுக்கு உடம்பு முடியாமல் போனதை அன்றாடம் விசாரித்தவர்கள் நீங்கள். அதைத் திரும்பக் கிளறவில்லை.

முதல் நன்றி ஒரு நாற்காலிக்கு.

இத்தாலியின் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறையில், இரண்டாம் உலகப் போரில் இறந்து எரியூட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 500 பேருக்கு மேல் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. தாத்தா பெயரும் அதில்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்காரர், பட்டாளத்தில் ‘தம்பி’ என்று கூப்பிடுகிற கூட்டம். 1944-ல் காசினோ என்ற ஊர்ப் பக்கம் இறந்துபோனார். கைக்குழந்தையாக இருந்த அம்மாவுக்கு அப்பா முகமே தெரியாது. பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கால் நிற்கவில்லை.

பக்கத்து ஒலிவத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர், தொண்ணூறை நெருங்குபவர், இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். சமையலறை நாற்காலி ஒன்றை மார்போடு அணைத்து, வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, கொண்டுவந்து போட்டார். அம்மா அதில் உட்கார்ந்து தன் அப்பாவிடம் பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எண்பது வருஷத்துப் பேச்சு இல்லையா. அவர் தள்ளி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

ரோமில் படிக்கும் தம்பி போனில் மொழிபெயர்த்துச் சொன்னார். 1943 நவம்பரில் போர்முனை அந்த ஊர்களைத்தான் மிதித்துக்கொண்டு போயிருக்கிறது. பெரியவர் அப்போது சின்னப் பையன். சண்டை நகர்ந்த பிறகும் வயலெல்லாம் கண்ணிவெடி. இந்தியர்கள் வந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவர் அப்பா ஏர் பூட்டினாராம்.

கண்ணிவெடி எடுப்பது லேசான வேலையா? தாத்தாவின் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்து ஆள், மிஞ்ஞானோ என்ற ஊரில் வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகுதான் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது.

ஆனாலும் பெரியவரிடம் உள்ளதைச் சொன்னேன். சாங்ரோவில் சண்டை போட்டது 8-ஆவது இந்திய டிவிஷன். அங்கே மொத்ஸக்ரோஞ்ஞா என்ற ஊரைப் பிடித்ததில் கூர்க்காக்கள் உண்டு, ஆங்கிலேயர் உண்டு. தாத்தா இருந்தது 4-ஆவது டிவிஷன். உங்கள் வயலில் அவர் கால் பட்டிருக்காது.

பெரியவர் கையை உதறினார். “வந்திருப்பது நீங்கள்தானே?”

யாருக்கோ சேர வேண்டியதை எங்களிடம் கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தன் நாடே அடிமையாக இருக்கும்போது வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர் தாத்தா. அவரை மாவீரர் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பஞ்சாபிகளும் கூர்க்காக்களும்கூட ஏறக்குறைய அப்படித்தான் போயிருப்பார்கள். வரும் ஆடி அமாவாசைக்குத் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, அந்தச் சுவரில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து இறைக்கப்போகிறேன். பாலாற்றில் தண்ணீர் இல்லையென்றால் குடத்தில் கொண்டுபோவேன்.

தாத்தாவின் படை எண்ணைத் தேடிக் கொடுத்த ஓய்வுபெற்ற சாப்பர் ஐயாக்கள், இரவெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்த நர்ஸ், விமானச் சீட்டை மாற்றிக் கொடுத்த மச்சான், கேட்காமலே பணம் அனுப்பிய தெருக்காரர்கள் எல்லோருக்கும் கும்பிடு. பணம் தந்தவர்கள் தயவுசெய்து கணக்கு எண்ணை அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அம்மா விடமாட்டாள், நேரில் வந்து நிற்பாள்.

ரோமில் இருக்கும் தம்பி இந்த மடலைப் பெரியவருக்கு இத்தாலிய மொழியில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகப் படிக்கணும், தம்பி.