3011 ஆம் ஆண்டு வைகாசிக் குளிர்த்தி

மட்டக்களப்பு,
ஆனி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பதில் எழுதவில்லை என்று கோபிக்காதே. நியாயமாகப் பார்த்தால் நான்தான் கோபிக்க வேண்டும். "மகளுக்கு அம்மன் கோயில் குளிர்த்திப் பாட்டைக் காட்டலாமென்று உங்கள் இணையத்தளத்தைத் திறந்தேன், வழக்கம்போலப் படுத்திருந்தது" என்று கடைசிப் பந்தியில் எழுதியிருந்தாய். படுத்திருந்தது என்று நீ சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். அந்த 'வழக்கம்போல'தான் தொண்டையில் முள்ளாக நின்றது. அதற்கு ஒழுங்கான பதில் கையில் கிடைத்த பிறகு எழுதுவோம் என்றுதான் இத்தனை நாள்.

முதலில் ஊர்ப் புதினம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் கல்லடிப் பாலத்தைக் கடந்தால் முகம் வெந்துவிடுகிறது. படுவான்கரையில் சிறுபோக வேளாண்மை பரவாயில்லை, யானைதான் நினைத்தபோது வந்து போகிறது. தயிர்ச் சட்டி என்ன விலை என்று கேட்காதே, கேட்டால் லண்டனிலேயே இருந்துவிடுவாய். மற்றபடி எல்லோரும் சுகம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் தளம் உனக்குத் தெரியும். கூத்துக் கொப்பிகள், குளிர்த்திப் பாடல்கள், பழைய கோயில் நோட்டீசுகள், படங்கள் என்று அறுநூறு சொச்சம் பொருள்கள். சிங்கப்பூரில் ஒரு சின்ன வாடகை சேர்வரில் ஓடுகிறது, 2 ஜிகாபைட் நினைவகம். சித்திரைக்குப் பிறகு அது அடிக்கடி விழத் தொடங்கியது. விழுவது எப்போதும் அதிகாலை 2.40 ஐ ஒட்டித்தான். தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும். நான் எழும்பி மைஎஸ்கியூஎல் என்ற அந்தத் தரவுத்தள மென்பொருளை மறுபடி ஓடவிட்டுப் படுப்பேன். "கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரி இராவில் இரண்டு தரம் எழும்புகிறீர்கள்" என்றாள் மனைவி. சேர்வர் வாடகைக்காரர்களுக்கு எழுதினால் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில். காய்ச்சல் என்று போனவனிடம் பெரிய கட்டில் வாங்கச் சொன்னதுபோல.

ஒரு சனிக்கிழமை இரவு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு சேர்வரின் உள்பதிவைத் திறந்தேன். அங்கே எழுதியே இருந்தது: நினைவகம் தீர்ந்ததால் மைஎஸ்கியூஎல் கொல்லப்பட்டது. நினைவகம் முழுவதும் தீர்ந்துபோனால் சேர்வரின் இயங்குதளமான லினக்ஸ், ஓடுகிற நிரல்களில் ஒன்றைத் தானே கொன்று இடம் பண்ணும், பெரும்பாலும் அதிக இடத்தைப் பிடித்திருப்பதைத்தான். எங்களிடம் கொழுத்தது தரவுத்தளம். அது செத்தது, ஆனால் தின்றது அதுவல்ல. பக்கங்களைத் தயாரித்துக் கொடுக்கிற பிஎச்பி நிரலின் வேலையாட்கள்தான் தின்றவர்கள். ஒரே நேரத்தில் 50 பேர் வரை எழும்பலாம் என்று என்றோ நானே எழுதி வைத்திருந்தேன். ஆளுக்கு 60 மெகாபைட். ஐம்பது பேரும் எழும்பினால் 3 ஜிகாபைட், இருப்பதோ 2. கூட்டிப் பார்க்காமல் எழுதியவன் நான். இதை நம் கணக்கு வாத்தியாரிடம் சொல்லிவிடாதே.

சரி, இரவு 2.40 க்கு ஐம்பது பேரையும் எழுப்பியது யார்?

இந்த இடத்தில் உன்னிடம் ஒரு வெட்கத்தைச் சொல்ல வேண்டும். தளத்தை நடத்துகிற எங்கள் சபையின் சித்திரை மாதக் கூட்டத்தில் நான் எழும்பி நின்று, நம் தளத்துக்கு நாளொன்றுக்கு நானூறாக இருந்த வருகை முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று அறிவித்திருந்தேன். நேரத்துக்கும் கணக்குச் சொன்னேன். இங்கே அதிகாலை 2.40 என்றால் லண்டனில் முதல்நாள் இரவு 10.10, ரொறன்ரோவில் பின்னேரம் 5.10. வெளிநாட்டில் இருக்கிற நம் சனம் வேலை முடிந்து வந்து, ஆறுதலாக இருந்து கூத்துக் கொப்பி வாசிக்கிறது என்று விளக்கினேன். கைதட்டினார்கள் மச்சான். தலைவர் கண்ணைத் துடைத்ததாக எனக்கு ஒரு நினைவு.

இப்போது, யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்று சேர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் ஒரு வரியைப் பார். அதிகாலை 2 மணி 38 நிமிடம் 11 விநாடி. முன்பின் தெரியாத ஒரு முகவரி. கேட்ட பக்கம்: நாட்காட்டி, ஆண்டு 3011, மாதம் 5. பதில் 200. அதாவது 3011 ஆம் ஆண்டு வைகாசியில் எந்தக் கோயிலில் என்றைக்குக் குளிர்த்தி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 200 என்றால் 'இருக்கிறது, இந்தா' என்று பொருள். எங்கள் தளமும் தயங்காமல் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பி, வெறும் கட்டங்கள் மட்டும் உள்ள ஒரு மாதத்தை வரைந்து கொடுத்து, கீழே 'அடுத்த மாதம்' என்ற இணைப்பையும் நீட்டியிருக்கிறது. அடுத்த வரியில் 3011, மாதம் 6.

நம் சனத்துக்கு அம்மனில் எவ்வளவு பக்தி இருந்தாலும் ஆயிரம் வருடத்துக்கு முன்கூட்டியே நாள் பார்க்கிற பழக்கம் கிடையாது. வந்தவை பொட்கள், இணையத்தைத் தானாக மேய்ந்து பக்கங்களை அள்ளும் நிரல்கள். இணைப்பு ஒன்றைக் கண்டால் போகும், போன இடத்தில் இன்னொன்றைக் கண்டால் அதற்கும் போகும், முடிவு இருக்கிறதா என்று பார்க்காது. எங்கள் நாட்காட்டிக்கு முடிவு இல்லை. பட்டியல் பக்கம் அதைவிட மோசம். ஊர் 12, வகை 9, பத்தாண்டு 7, வரிசைப்படுத்தும் முறை 4, பக்க அளவு 3, மொழி 2. ஊர், வகை, பத்தாண்டு மூன்றிலும் 'எல்லாம்' என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் 24,960 பக்க முகவரிகள். அறுநூறு பொருளை இருபத்தைந்தாயிரம் விதமாக அடுக்கிக் காட்டும் கடையை நானே கட்டித் திறந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அடுக்குக்கும் தரவுத்தளம் புதிதாகத் தேடி எடுக்க வேண்டும்.

யார் இவர்கள் என்று, வந்தவர்களின் இணைய முகவரிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரே முகவரியிலிருந்து ஐயாயிரம் தரம் வந்திருந்தால் ஒரு வரியில் கதவைச் சாத்தியிருக்கலாம். இங்கே ஆயிரக்கணக்கான முகவரிகள், பெரும்பாலானவை ஒரு தரம் வந்து பிறகு தலைகாட்டாதவை. வீட்டு இணைப்புகளை வாடகைக்கு எடுத்து அவற்றின் வழியாக வருகிற வியாபாரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தட்டலும் வேறொரு வீட்டிலிருந்து வந்ததுபோலத் தெரியும். பெயரைச் சொல்லி வந்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் பாவம், பேசித் தீர்க்கலாம். மீதிப்பேர் தங்களைச் சாதாரணக் குரோம் உலாவி என்று சொல்லிக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தது படங்கள்தான். மனிதர் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதன் பின்னால் படம், எழுத்துரு, அலங்காரக் கோப்பு என்று இருபது முப்பது கோரிக்கைகள் வால்போல வரும். இவர்கள் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்ற குறிப்பும் இல்லை.

சிலர் 'நான் கூகுள்பொட்', அதாவது கூகுள் தேடலின் பொட், என்றார்கள். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. அந்த முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பின்னோக்கிக் கேட்க வேண்டும், பெயர் கூகுளின் களத்தில் முடிய வேண்டும். பிறகு அந்தப் பெயரை வைத்துத் திரும்பக் கேட்டால் அதே முகவரி வர வேண்டும். ஊர் விதானையார் அனுப்பினார் என்று படலையில் நிற்பவனை நிறுத்திவைத்துவிட்டு விதானையாருக்குத் தொலைபேசி எடுப்பது போலத்தான். எடுத்தேன். பாதிப்பேரை விதானையாருக்குத் தெரியவில்லை.

"ரொபோட்ஸ் கோப்பு வைக்கவில்லையா?" என்று நீ கேட்பாய். எந்தப் பக்கங்களுக்குப் போக வேண்டாம் என்று பொட்களுக்குச் சொல்கிற கோப்பு அது. வைத்திருந்தேன். இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. 1993, 1994 இலேயே பொட்கள் சேர்வர்களை அலைக்கழித்ததால்தான் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் 1994 இல் அந்த ஏற்பாட்டை முன்வைத்தார். முறையான தரமாக எழுதி வெளியிட 2022 வரை ஆனது. அந்தத் தர ஆவணமே இது அனுமதியைக் கட்டுப்படுத்தும் முறையல்ல என்று சொல்கிறது. பூட்டில்லாத படலையில் தொங்குகிற பலகை அது. வாசித்துத் திரும்புகிறவன் திரும்புவான்.

எனக்கு மட்டும்தானா இந்தக் கேடு என்று தேடினேன். மென்பொருள் கையேடுகளை வைத்திருக்கும் ரீட் த டொக்ஸ் தளத்திலிருந்து 2024 மே மாதத்தில் ஒரே பொட் 73 டெராபைட் இறக்கியிருக்கிறது. அவர்களுக்குச் செலவு 5000 டொலருக்கு மேல். விக்கிமீடியாக்காரர் 2025 ஏப்ரலில் எழுதியதுதான் என் மண்டையில் நின்றது. அவர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 வீதம் பொட்களுடையதாம். சனம் விரும்பிப் பார்க்கிற பக்கங்கள் அருகிலேயே தயாராக எடுத்துவைக்கப்பட்டிருக்கும், கொடுப்பது மலிவு. பொட்களோ யாரும் தொடாத மூலைப் பக்கங்களையும் கேட்கும், அவற்றை மூலக் கிடங்கிலிருந்து எடுத்துவர வேண்டும். யோசித்துப் பார், எங்கள் தளம் முழுவதுமே யாரும் தொடாத மூலைதான்.

ஆத்திரத்தில் ஒரு பிழையும் செய்தேன். கூடுதலாகத் தட்டிய முகவரித் தொகுதிகளைப் பார்த்துப் பார்த்து மொத்தமாகத் தடுத்தேன். அன்று இரவு சேர்வர் விழவில்லை. காலையில் வெல்லாவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். "தம்பி, பிள்ளைகளுக்குப் பாட்டு எடுக்கப் போனால் 403 என்று வருகிறதே, காசு கட்டவில்லையா?" என்றார். 403 என்றால் 'உனக்கு அனுமதி இல்லை' என்று பொருள். கைத்தொலைபேசி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வெளிமுகவரியின் பின்னால் வைத்திருப்பதை நான் மறந்துபோனேன். அந்த முகவரிக்குப் பின்னால் எங்கோ ஒரு கெட்ட செயலியுள்ள தொலைபேசி இருந்திருக்கலாம். நான் பூட்டியதோ ஒரு பிரதேசத்தையே. ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

பிறகு செய்தவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேலையாட்களை 50 இலிருந்து 12 ஆக்கினேன். கூட்டம் வந்தால் வரிசையில் நிற்கட்டும், யாரும் சாக வேண்டாம். நாட்காட்டி அடுத்த வருடத்தோடு முடியும், அதற்கு மேல் கேட்டால் 404, 'அப்படி ஒரு பக்கம் இல்லை'. பாடல், கொப்பிப் பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வெறும் கோப்புகளாக வைத்துவிட்டேன், தரவுத்தளத்தைத் தட்டத் தேவையில்லை. வடிகட்டித் தேடுவதற்கு மட்டும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் தேடலுக்கு மொத்தமாக ஒரு வேக எல்லை, மிஞ்சினால் 429, 'கேட்டது கூடிப்போயிற்று'. உலாவியைக் கணக்குப் போடவைத்துச் சோதிக்கும் காவல் நிரல்களும் இருக்கின்றன. படுவான்கரைப் பிள்ளைகளின் பழைய தொலைபேசிகள் அந்தக் கணக்கிலேயே சூடேறிவிடும் என்று விட்டுவிட்டேன். சேர்வர் விழாமல் பதினெட்டு நாள் ஆகிறது.

முழுவதுமாகப் பூட்டிவிட்டால் என்ன என்று சபையில் இருவர் கேட்டார்கள். எனக்கு மனமில்லை. நாளைக்கு ஒரு பிள்ளை ஏதாவது இயந்திரத்திடம் வட்டைவிதானை என்றால் யார் என்று கேட்டால், அது கண்டபடி உளறுவதைவிட எங்களிடம் படித்துச் சொல்லட்டும். நம் பேச்சு இணையத்தில் கிடப்பதே கொஞ்சம். ஆனால் மற்றவர்கள் கேட்டதும் தவறில்லை. பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் அந்தப் பெரியவர்கள் கொப்பிகளைத் தந்தார்கள், இப்படி ஒரு வாசகன் வருவான் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வடமோடிக் கூத்துக் கொப்பி தந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் நேரில் போய் விளக்கினேன். மத்தளத்துக்கு வார் இழுத்தபடி முழுவதையும் கேட்டார். "படிக்கிறது சரி. ஆடுமா?" என்றார். இல்லை என்றேன். "அப்போது அது பார்த்தால் எனக்கென்ன" என்றுவிட்டு மத்தளத்தைத் தட்டிப் பார்த்தார். இதைச் சம்மதம் என்று எடுப்பதா என்று இன்னும் யோசிக்கிறேன். அவருடைய கொப்பியை மட்டும் இப்போதைக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.

பொட்களைக் கழித்துவிட்டு உண்மையான வருகையை எண்ணினேன். நேற்று இரவு 31 பேர். அடுத்த கூட்டத்தில் இதையும் எழும்பி நின்று சொல்ல வேண்டும், கைதட்டமாட்டார்கள். அந்த 31 இல் ஒன்று லண்டன். படங்கள் எல்லாம் ஒழுங்காக இறங்கியிருக்கின்றன, குளிர்த்திப் பாடல் பக்கம் நான்கு தரம் திறந்திருக்கிறது. நீயா, மகளா?

நீ இல்லையென்றால் இன்றிரவு 10.10 க்கு ஒருமுறை திறந்து பார். தேடல் பக்கம் பொத்தானை அழுத்தக் கேட்கும், அழுத்து. வராவிட்டால் 403 ஆ, 429 ஆ, 502 ஆ என்று எண்ணைப் பார்த்து எழுது. படுத்திருந்தது என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்