ஒரிஜினலை யார் கையிலும் விட்டுவிடாதே, மக்ளே

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று போனில் உன் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததில், சொல்ல நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நர்ஸ் வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு முடிந்தது, கம்ப்யூட்டரில் எழுதும் சி.பி.டி. தேர்வும் முடிந்தது. இனி இங்கிலாந்து போய்ச் சேரும்வரை எல்லாம் காகித வேலைதான். அதில் நான் பட்ட பாட்டை நீ படக்கூடாது.

முதலில் பெயரைப் பார். உன் மார்க் ஷீட்டில் இனிஷியல் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து சர்நேம் ஆகிவிட்டது. நமக்கு இரண்டும் நீதான், ஆனால் அங்கே விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்கு இரண்டு ஆள். சென்னை சாந்தோமில் இருக்கும் நம் நர்ஸிங் கவுன்சில் கொடுத்த பதிவுச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார். உன் பதிவை உறுதி செய்யும் வெரிஃபிகேஷன் உன் கைக்கு வராது, கவுன்சிலிலிருந்து நேரே அந்த நாட்டில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி.க்குப் போகும். போன பிறகு திருத்த அலையாதே. பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் இப்போதே ஒரு அஃபிடவிட் வாங்கி வை.

என் டிப்ளமா சான்றிதழின் இடது மூலையில் ஒரு துருக் கறை இருக்கிறதே, சின்ன வயதில் அது என்ன என்று கேட்பாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். அது ஸ்டேப்ளர் பின்னின் துரு. முதல் வேலைக்குச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒரிஜினல் எல்லாவற்றையும் சேர்த்துப் பின் அடித்து அலமாரியில் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். தாத்தா ஆச்சியின் செயினை அடகு வைத்துப் பணம் கட்டினார். கவரை வாங்கி அந்த வாசலிலேயே நின்று பிரித்துப் பார்த்தேன். துரு காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பாண்ட் கூடாது என்று இந்திய நர்ஸிங் கவுன்சிலே பிறகு சொல்லிவிட்டது, ஆனாலும் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரிஜினலைக் காட்டு, உன் எதிரிலேயே காப்பி எடுக்கச் சொல், திரும்ப வாங்கிவிடு. பாஸ்போர்ட்டுக்கும் அதேதான்.

ஏஜென்சி பணம் கேட்டால் உடனே என்னிடம் சொல். வேலை தேடித் தருவதற்கு நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறையே சொல்கிறது. அப்புறம், வேலை ஒப்பந்தத்தில் நடுவில் விட்டுப் போனால் பணம் திரும்பக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று தேடு. எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, நாள் போகப் போகக் குறையுமா என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதே.

அங்கே போன பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பத்து ஸ்டேஷன், அதில் எழுதுகிற வேலையும் நிறைய. ஊசி போடுவதில் உனக்குக் குறை வராது. எழுதுவதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நைட் டூட்டியில் வார்டு முழுக்க ஒருத்தியே பார்க்கும்போது நான் உள்ளங்கையில் குறித்து வைப்பேன், விடியற்காலையில் உட்கார்ந்து மொத்தமாக ரிப்போர்ட் புக்கில் எழுதுவேன். ஒரு தடவை கை கழுவியதில் ஒரு பாட்டியின் யூரின் அவுட்புட் அழிந்துபோனது. ஞாபகத்திலிருந்து எழுதினேன். சரியாகத்தான் எழுதினேனா என்று இன்றும் சில ராத்திரி நினைப்பு வரும். நீ அப்படிச் செய்யாதே. பத்து மணிக்குக் கொடுத்த மருந்தைப் பத்து மணிக்கே எழுது. தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வேண்டாம். படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, தேதி, நேரம், கையெழுத்து போடு. நோயாளி நிலை மோசமாவதைக் காட்டும் நியூஸ் ஸ்கோர் ஏறினால் டாக்டரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது, யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னாய், என்ன பதில் வந்தது என்பதும் சார்ட்டில் இருக்கட்டும்.

என்.எம்.சி. தரும் பதிவு எண்ணான பின் நம்பர் வந்ததும் ஒரு நோட்டு போட்டுவிடு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷன். 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். கடைசி மாதம் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

விசாவுக்குக் காட்டும் டி.பி. (காசநோய்) பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், தேதியைக் கணக்குப் போட்டு எடு. இப்போது இ-விசா என்பதால் கையில் கார்டு கிடையாது, எல்லாம் ஆன்லைன் கணக்கில்தான். அந்தக் கணக்கின் விவரத்தை எனக்கும் எழுதி அனுப்பு.

ஒரிஜினல் வைத்திருக்கும் பச்சை ஃபைலை ஹேண்ட் பேக்கில் வை, பெரிய பெட்டியில் போட்டுவிடாதே. அப்பா இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார், ஒன்று இங்கே பீரோவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வரும்போது பதிவுச் சான்றிதழை மறக்காமல் கொண்டு வா. பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து இரண்டு பேருமாக உட்கார்ந்து பெயரைப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அம்மா