1 வெள்ளி வைத்தியம், 30 வெள்ளி வாடகை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புறநகர் மக்களுக்கு மருத்துவ வசதியை எளிதாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். புதுக் கிளினிக் கட்டடங்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் பினாங்கில், செபராங் பிறை தென்பகுதித் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சிக்கலே கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதில்தான். அரசு கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது 1 வெள்ளி (ரிங்கிட்). நிபோங் திபாலுக்கு அருகே தோட்டத்தில் இருக்கும் என் அம்மா, அதற்காக வாடகைக் காருக்குப் போக வர 30 வெள்ளி கொடுக்கிறார். ஒருமுறை கார் கிடைக்காமல், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரைகளைக் கத்தியால் பாதியாக வெட்டிப் பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். "இன்னும் பத்து நாள் தாங்கும்ய்யா" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

முன்பு தோட்டத்திலேயே மருந்து கொடுக்கும் டிரசர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார். இப்போது அதுவும் இல்லை. சரி, மாதம் ஒருமுறையாவது நடமாடும் கிளினிக் ஒன்று தோட்டக் கோயில் மண்டபத்துக்கே வந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்தைக் கையில் கொடுக்கட்டும். தேதியை முன்கூட்டியே கோயில் பலகையில் எழுதிவிட வேண்டும். மண்டபத்தைத் திறந்து நாற்காலி போட எங்கள் பிள்ளைகள் தயார்.

தோட்டத்து மகன்,
பட்டர்வொர்த்