மன்னார்ப் படுகையின் எண்ணெய், எரிவாயு மதிப்பீட்டை நிகழ்தகவுகளுடன் தமிழிலும் வெளியிடக் கோரும் மனு

பணிப்பாளர் நாயகம் அவர்கட்கு,
இலங்கை பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

நான் ஹட்டனில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர். 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உள்ளனர். மன்னார்ப் படுகையில், அதாவது மன்னார்க் கடலடியில் படிவுப்பாறைகள் தடிமனாகச் சேர்ந்துள்ள பகுதியில், நாட்டின் கடனையெல்லாம் அடைக்குமளவு எரிவாயு உண்டென்ற பேச்சு எழும்போதெல்லாம், "அப்படியென்றால் ஏன் சேர் இன்னும் எடுக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். எங்கள் மலைகள் பழம்பெரும் உருமாறிய பாறைகளாலானவை. இங்கே எவரும் எண்ணெய் தேட மாட்டார்கள். ஆனாலும் அக்கேள்வி நியாயமானதே.

அப்படுகையில் 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் துளையிட்ட டொராடோ, பரகுடா கிணறுகளில் எரிவாயு கண்டறியப்பட்டது. அதே ஆண்டு டொராடோ நோர்த்தும், 2013இல் வலாகோவும் பயன்தராமற் போயின. கண்டறியப்பட்ட அளவு வேறு, துளையிடாத இடங்களில் இருக்கக்கூடுமெனக் கணிக்கப்படும் அளவு வேறு. பின்னது மெய்யாக வேண்டுமானால், எரிவாயுவை உருவாக்கும் மூலப்பாறையும், அதைத் துளைகளில் சேமிக்கும் தேக்கப்பாறையும், கசியாமல் மேலே தடுக்கும் மூடுபாறையும், அதை ஓரிடத்தில் பிடித்துவைக்கும் பாறை வடிவமான பொறியமைப்பும் இருப்பதோடு, எரிவாயு நகர்ந்து போய்விடும் முன்பே அப்பொறி உருவாகியிருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கிணறு வெறுமைதான்.

எனவேதான் இத்துறையினர் ஒற்றை எண்ணைக் கூறாமல், 90 வீத வாய்ப்புடன் எதிர்பார்க்கக்கூடிய குறைந்த அளவையும், 50 வீத வாய்ப்புள்ள நடுத்தர அளவையும், 10 வீத வாய்ப்பே உள்ள பெரிய அளவையும் சேர்த்தே கூறுகின்றனர். பொதுமக்களிடம் வந்து சேர்வதோ பெரும்பாலும் அந்த மூன்றாவது எண் மட்டுமே. படுகையின் பல பகுதிகளின் 10 வீத எண்களைக் கூட்டி, அதுவே முழுப் படுகையின் 10 வீத அளவு என்பதும் பிழை: எல்லாப் பகுதிகளும் ஒருசேர அதிர்ஷ்டமாக அமைவது அதனிலும் அரிது.

ஆகவே, தங்கள் அதிகாரசபை இனி வெளியிடும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் இம்மூன்று அளவுகளையும், துளையிடக் கருதும் ஒவ்வோர் இடத்திலும் மேற்சொன்ன நிபந்தனைகளெல்லாம் ஒருங்கே அமையும் வாய்ப்பையும், கண்டறியப்பட்டவை, படாதவை என்ற பிரிவையும் குறிப்பிட்டு, அவற்றைத் தமிழிலும் ஒரே நேரத்தில் வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழியாகும். தகவலறியும் உரிமை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. பயன்தராத கிணறுகளின் விபரமும் அவ்வெளியீட்டில் இடம்பெற வேண்டும். மாணவர்களுக்கு அதுவே அதிகம் கற்றுத்தரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
புவியியல் ஆசிரியர்,
ஹட்டன்.