இறுதிப் போட்டியன்றுதான் ஓடுபாதையைக் காணும் பிள்ளைகள்

கௌரவ விளையாட்டுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

1948 இல் லண்டனில் டங்கன் வைற் சட்டவேலி ஓட்டத்தில் வென்ற வெள்ளியும், 2000 இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் வென்ற பதக்கமுமே ஒலிம்பிக்கில் இலங்கை இதுவரை பெற்றவை. 2022 இல் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரான யுபுன் அபேகோனும் இத்தாலியில் பயிற்சி பெற்றே அந்த நிலையை எட்டினார். இந்த மண்ணில் திறமைக்குக் குறைவில்லை. அதை வளர்க்கும் களம்தான் போதவில்லை.

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். மணற்குழியில் தரையிறங்கிய காலம் அது. ஒரு பாடசாலை மைதானமும் உலகத்து மைதானங்களும் அன்று அவ்வளவு தூரம் விலகியிருக்கவில்லை. 1968 இல் மெக்சிக்கோவில் முதுகு கீழாகப் பாயும் முறை வென்ற பின்னர், தடித்த மெத்தை இல்லாத இடத்தில் உயரம் பாய்தலைப் பழகுவதே ஆபத்தாகிவிட்டது. கோலூன்றிப் பாய்தலுக்கோ மெத்தையுடன், பாய்பவரின் எடைக்கேற்ற கோல்களும் வேண்டும்.

ஓட்டத்திலும் இதே நிலைதான். சுண்ணாம்புக் கோடிட்ட 200 மீற்றர் புற்தரையில் பழகும் பிள்ளைக்கு வளைவுகள் மிக இறுக்கமானவை. 400 மீற்றர் நியம ஓடுபாதையின் வளைவு ஆரை ஏறத்தாழ 36.5 மீற்றர். செயற்கை ஓடுபாதையில் ஓட்டக் காலணியின் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், புற்தரைக்கான நீண்ட ஆணிகளைக் கழற்றி மாற்றவேண்டும். கால் பதியும் விதம், வளைவில் உடலைச் சாய்க்கும் அளவு ஆகிய அனைத்தையும் கொழும்பில் இறுதிப் போட்டி நடக்கும் காலையிலேயே முதன்முறையாகக் கற்கும் பிள்ளையிடம் நாம் பதக்கம் கேட்கிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆகவே, புதிய பார்வையாளர் மண்டபங்களுக்கு முன்னதாக, ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு செயற்கை ஓடுபாதையும் பாய்தலுக்கான மெத்தைகளும் முழுமையாகப் பயன்பாட்டில் இருப்பதை உறுதிசெய்யுமாறு வேண்டுகிறேன். திறப்பு விழாவுக்குப் பின் பராமரிப்புப் பணம் இல்லாமல் பாதை வெடித்து உரிவதும், மழையில் கிடந்து மெத்தை உக்குவதும் கட்டாமல் விட்டதற்குச் சமமாகும். எனவே ஆண்டுதோறும் தனி நிதியும் நிரந்தரப் பராமரிப்பாளரும் வேண்டும். பாடசாலை முடிந்தபின் மாலை வேளைகளில் அந்த வாயில்கள் மாணவருக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கவும் ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
மெய்வல்லுநர் பயிற்சிக்குப் பொறுப்பான பாடசாலை ஆசிரியர் ஒருவர்