விரல் பயிற்சிக்காரரின் இசை

அன்புள்ள கமலா,

இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டத்தான் போகிறாய், அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. பாலு அப்படியேதான் இருக்கிறான். சரி, இப்போது விஷயம்.

எர்னோ டோனானி, ஹங்கேரிய இசையமைப்பாளர், பியானோக் கலைஞர். நம் பியானோ மிஸ் நம் நான்காம் விரலைப் பாடாய்ப் படுத்திய அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எழுதியவர். 'டிரில் மாஸ்டர்' என்பாயே, அவரேதான். அந்த மனிதர் எவ்வளவு அழகான இசையை எழுதி வைத்திருக்கிறார் தெரியுமா! ஆங்கிலேயரான மார்ட்டின் ராஸ்கோ, டோனானியின் தனிப் பியானோ இசையை ஹைபீரியன் நிறுவனத்துக்காகத் தொகுதி தொகுதியாகப் பதிவு செய்திருக்கிறார். கொஞ்ச நாளாக வீட்டில் வேறெதுவும் ஒலிப்பதில்லை.

நான்கு ராப்சடிகளில் (கட்டற்ற வடிவில் ஓடும் பியானோத் துண்டுகள்; ஓபஸ் 11, அதாவது படைப்பு எண் 11) ஆரம்பி. 1902, 1903இல் எழுதியவை, அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். மூன்றாவது, சி மேஜரில், கேட்கிறவரை உட்கார விடாது. நான்காவதில் இறந்தோருக்கான லத்தீன் பூசைப் பாட்டின் பழைய மெட்டு, 'டியெஸ் ஈரே', வந்து நிற்கிறது. அத்தனை துள்ளலுக்குப் பிறகு அதைக் கேட்கும்போது நெஞ்சு அடைக்கிறது. ராஸ்கோ எதையும் ஊதிப் பெரிதாக்குவதில்லை. உள்குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கின்றன. ஓபஸ் 28இன் ஆறாவது எட்யூடை (விரல் திறமைக்கான துண்டு) பெரிய பியானோ மேதைகளான ராக்மானினாஃப், ஹோரோவிட்ஸ் இருவருமே பதிவு செய்திருக்கிறார்கள். வித்தை காட்ட அது போதும் என்று பியானோக்காரர்கள் அதோடு நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

'பிராம்ஸின் நிழல்', அந்தப் பெரிய ஜெர்மன் இசையமைப்பாளரைப் போலவே எழுதுகிறவர், என்று டோனானியை ஒதுக்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மாணவப் பருவத்தில் எழுதிய ஓபஸ் 1 குவின்டெட்டை (ஐந்து பேர் வாசிக்கும் இசை) பிராம்ஸே வியன்னாவில் வாசிக்க ஏற்பாடு செய்தார், உண்மைதான். அதற்காக வாழ்நாள் முழுக்க அந்த முத்திரையா? பின்னாளில் புகழ்பெற்ற ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக், டோனானி படித்த அதே போஜோனி (இன்றைய பிராட்டிஸ்லாவா) பள்ளிக்கூடத்தில் படித்தவர், நான்கு வயது இளையவர், இவரைப் பின்பற்றித்தான் படிக்க புடாபெஸ்ட் போனார். 1923இல் பார்டோக்கின் நடன சூட்டும் (நடனத் துண்டுகளின் தொகுப்பு) இன்னொரு ஹங்கேரியரான கோடாயின் 'சால்முஸ் ஹங்காரிகுஸ்' என்ற பாடகர்குழு இசையும் முதன்முதலாக அரங்கேறிய கச்சேரியில் இசைக்குழுவை நடத்தியவரும் டோனானிதான். புதியவர்களுக்கு மேடை கொடுத்தவரையே பழசு என்று தள்ளிவிட்டார்கள். அதே காலத்தில் டோனானி எழுதிய 'ருராலியா ஹங்காரிகா' பியானோத் துண்டுகளைக் கேள். கிராமத்துப் பாட்டுகளைப் பார்டோக் மாதிரிக் கூராக்காமல், தன் பழைய இதமான சுரக்கோவையிலேயே வைத்துப் பாட விடுகிறார். எனக்கு இரண்டும் வேண்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, கமலா. போருக்குப் பிறகு அவரை நாஜி ஆதரவாளர் என்றார்கள். விசாரணைகளில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் பேச்சு மட்டும் ஓயவில்லை. புடாபெஸ்ட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இருந்த யூதக் கலைஞர்களை 1944 வரை விடாமல் காத்தவர் அவர். மூத்த மகன் ஹான்ஸ் ஹிட்லரை எதிர்த்த குழுவில் இருந்ததற்காக 1945 ஏப்ரலில் சாக்சன்ஹௌசன் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். மகனை அவர்களிடம் பறிகொடுத்துவிட்டு, அவர்களுடைய ஆள் என்ற பெயரையும் சுமப்பது என்ன கொடுமை! கம்யூனிச ஹங்கேரியில் டோனானியின் இசைக்கு இடமில்லை. அர்ஜென்டினா போய், அப்புறம் 1949இல் ஃப்ளோரிடாவின் டாலஹாஸியில் பேராசிரியர் வேலை. 1960 பிப்ரவரியில், இசைப்பதிவுக்காகப் போன நியூயார்க்கில் இறந்தார், 82 வயதில். கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார்!

உன் பெண் பரீட்சைக்கு வாசிக்கிற அதே மூன்று துண்டுகளை எத்தனை வருஷம் வாசிப்பாள்? ருராலியாவில் மெதுவான ஒன்றை அவள் ஆசிரியையிடம் காட்டச் சொல். ராப்சடிகளை நான்கையும் வரிசையாகக் கேள், நடுவில் எழுந்து போகாதே. மூன்றாவது பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. ஃபோனில் சொன்னால் பாதியில் பாலு கதைக்குப் போய்விடுவாய்.

அன்புடன்,
மீனா