14 நாள் விளம்பரம் யாருக்காக?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் திறனாளர் என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். விதிமுறையைப் படித்துவிட்டுப் பேசுபவர்கள் குறைவு. 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளத் தகுதி மட்டும் போதாது. காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளிகளும் எடுக்க வேண்டும். விண்ணப்பிப்பவரின் நாட்டவரே நிறுவனத்தில் ஏற்கெனவே குவிந்திருந்தால், பன்முகத்தன்மைப் பிரிவில் பொதுவாகப் புள்ளி கிடைக்காது. சிலருக்குக் கசந்தாலும் நல்ல ஏற்பாடு.

என் குறை வேறு. பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் பெரும்பாலான நிறுவனங்கள் வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். அண்மையில் என் மகன் காட்டிய விளம்பரத்தில், குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் 7 ஆண்டு அனுபவம், அதுவும் காப்பீட்டுத் துறையில், கூடவே இரண்டு சான்றிதழ்கள் என்று இருந்தது. ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! அவன் விண்ணப்பித்தான், பதிலே இல்லை. விளம்பரம் வந்ததா என்பதோடு நில்லாமல், எத்தனை உள்ளூர்வாசிகளை நேர்காணலுக்கு அழைத்தார்கள் என்றும் மனிதவள அமைச்சு கேட்கலாமே?

வருகிறவர்கள் பாடும் லேசில்லை. வேலை நிரந்தரமானது என்பார்கள், ஆனால் முதல் பாஸ் வழக்கமாக அதிகபட்சம் 2 ஆண்டுதான். நிரந்தரவாசத்துக்கு காம்பஸ் போல வெளிப்படையான புள்ளிக் கணக்கும் கிடையாது. மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை ஒரு வரியில் சொன்னால், பிள்ளைகளின் பள்ளி எங்கே என்றாவது அந்தக் குடும்பம் முடிவு செய்துகொள்ளும்.

– ஒரு வாசகர், செங்காங்